கனவுக்கும் கச்சாப்பொருள் வேண்டும்

உடையைக் காட்டுவதற்காக எடுத்த படத்தில், உடையைத் தவிர வேறு என்னவோ நடந்துகொண்டிருக்கும் ஒரு வகை உண்டு. பாழடைந்த குளியல் மண்டபத்தில் ஐந்து பெண்கள் ஒருவரை ஒருவர் பாராமல் நிற்பார்கள். காலணி விளம்பரத்தில் காலணிக்கு உரியவளைக் காணோம். அவள் விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றிப் போலீசார் போட்டதுபோன்ற சுண்ணக்கோடு மட்டும் நடைபாதையில் தெரியும். வெட்டவெளியில் ஒரு சுழல்படிக்கட்டு எந்த மாடிக்கும் போகாமல் நிற்கும், அதில் பட்டாடை உடுத்திய ஒருத்தி. இது என்ன கதை என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்ட முடியாது. கேட்டாலும் படம் விடை சொல்லாது. கனவுத்தன்மையும் கதைத்தன்மையும் கொண்ட இந்தச் சோதனை முயற்சிகள் ஃபேஷன் புகைப்படக் கலையின் ஓரத்தில் நிற்பவை என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கலையில் காலத்தைத் தாண்டி நிலைத்த படங்களைப் பட்டியலிட்டால் பெரும்பங்கு இவற்றுக்கே போகும். இத்தகைய படத்துக்கான தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. கற்பனையை அவிழ்த்துவிடுங்கள் என்பது ஒன்று. கண்ணை மூடினால் காட்சி வரும், அதைப் படமாக்கினால் போதும் என்று அது நம்புகிறது. நிறையப் படங்களைப் பாருங்கள் என்பது மற்றொன்று. பிடித்த ஃபேஷன் படங்களை இணையத்திலிருந்து சேர்த்து, ஒரு மூட் போர்டு தயாரித்து, அந்தச் சாயலில் எடுக்கச் சொல்கிறது. இரண்டும் போதா என்பது என் வாதம். இந்தத் துறையின் பெரிய படங்கள் உருவான விதத்தை ஆராய்ந்தால், அவற்றின் தொடக்கத்தில் கனவு இருப்பது அரிது. கைக்கு எட்டும் ஒரு பொருளே அங்கே இருக்கிறது. அது ஒரு துணியாக இருக்கலாம், பழைய கட்டடமாக இருக்கலாம், இருட்டறையில் நேர்ந்த ஒரு கோளாறாகவும் இருக்கலாம். கலைஞர் அந்தப் பொருளை நெடுநேரம் கவனிக்கிறார். பிறகு அதை அதன் வழக்கமான இடத்திலிருந்து ஓர் அடி நகர்த்துகிறார். ஏன் நகர்த்தினார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நாம் கனவு என்று அழைப்பது அப்போதுதான் தோன்றுகிறது. உறக்கத்தில் வரும் கனவும் வெறுமையில் முளைப்பதில்லை. சிக்மண்ட் ஃபிராய்டு 1899இல் வெளியிட்ட கனவு பற்றிய நூலில், ஒவ்வொரு கனவுக்குள்ளும் முந்தைய நாளின் துணுக்கு ஒன்று இருக்கும் என்று வாதிட்டார். அவருடைய முடிவுகள் பலவற்றை இன்றைய உளவியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் இந்த ஒரு கவனிப்பை நாம் விழித்தெழும் காலைகளே ஆமோதிக்கும். கனவில் வரும் வீடு விநோதமானது. அதன் கதவோ நாம் அறிந்த கதவு.

ஃபேஷன் பத்திரிகைகள் புகைப்படத்தை அச்சிடத் தொடங்குவதற்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் கிளெமென்டினா ஹாவர்டன் என்ற பிரிட்டிஷ் பிரபு குலப் பெண். 1857 வாக்கில் அயர்லாந்தில் இருந்த குடும்பப் பண்ணையில் புகைப்படம் எடுக்கத் தொடங்கினார். 1859இல் லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதிக்குக் குடிவந்ததும், வீட்டின் மாடி அறைகளையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. அவரிடம் இருந்தவை ஜன்னல் வெளிச்சம், ஒரு நிலைக்கண்ணாடி, சில நாற்காலிகள், வளர்ந்துவந்த மகள்கள், அவர்கள் மாற்றி மாற்றி உடுத்திய பட்டும் மஸ்லினும் வேடத்துணிகளும். மகள் ஒருத்தி கண்ணாடியில் சாய்ந்து நிற்பாள்; அவள் முகத்தைவிடப் பிம்பத்தின் முகம் அதிகம் அறிந்ததுபோல் இருக்கும். இன்னொரு படத்தில் இரு சகோதரிகள் ஏதோ ஒரு நாடகத்தின் நடுக்காட்சியில் உறைந்திருப்பார்கள். எந்த நாடகம் என்று தெரியாது. தான் காட்சிக்கு வைத்த படங்களுக்கு ஆய்வுகள் என்ற பொதுப் பெயரைத் தவிர அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. 1865இல், 42 வயதில், இறந்துபோனார். 1939இல் அவருடைய பேத்தி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்த படங்கள் 775. ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்ததால் பலவற்றின் மூலைகள் கிழிந்திருக்கின்றன. இவ்வளவும் பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே பிள்ளைகளை வைத்து எடுத்தவை. தொலைதூர நாடுகளோ ஆடம்பரமான செட்டோ அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரே துணியை, ஒரே ஜன்னலை மீண்டும் மீண்டும் பார்த்ததிலிருந்தே அந்த வீடு தன் அன்றாடத்தை இழந்து கனவாயிற்று.

கலைஞர் மேன் ரேயின் வாழ்க்கை இன்னும் வலுவான சான்று. 1890இல் அமெரிக்காவில் பிறந்த இமானுவேல் ராட்னிட்ஸ்கிதான் பின்னாளில் மேன் ரே ஆனார். தந்தை ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவர். வீட்டிலும் தையல் வேலை எடுத்துச் செய்தவர். அந்தப் பின்னணியைப் பற்றிப் பேச மகன் விரும்பியதில்லை, ஆனால் அவர் கைகள் அதை மறக்கவில்லை. 1911இல் தையற்காரரிடம் இருக்கும் மாதிரித் துணித்துண்டுகளை ஒன்றாகத் தைத்து ஒரு கலைப்படைப்பு ஆக்கினார். 1920இல் தையல் இயந்திரம் ஒன்றைக் கம்பளியில் சுற்றிக் கயிற்றால் கட்டிப் புகைப்படம் எடுத்தார். 1921இல் இஸ்திரிப்பெட்டியின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஆணிகளை ஒட்டினார். துணியைத் தேய்க்கப் போனால் அது கிழித்துவிடும். சர்ரியலிசக் கலை இயக்கத்தின் முதல் அறிக்கையை ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்டது 1924இல். அதாவது, கனவைப் பற்றிய கோட்பாடு வருவதற்கு முன்பே தையற்கடையின் பொருட்கள் கனவுப் பொருட்களாகிவிட்டன. பாரிசுக்கு வந்த மேன் ரே, ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரேவுக்காகப் பிழைப்புக்கு ஃபேஷன் படங்கள் எடுத்தார். அந்தப் படங்களை இருட்டறையில் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒளி படாத தாள் ஒன்று தவறுதலாகத் தட்டில் விழுந்ததாகவும், அதன்மேல் தற்செயலாகச் சில கண்ணாடிப் பொருட்களை வைத்து விளக்கைப் போட்டபோது அவற்றின் உருவம் பதிந்ததாகவும் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கேமரா இல்லாமல் உருவான அந்தப் படங்களில் 12 படங்கள் 1922இல் தொகுப்பாக வந்தன. இதே முறையைப் புகைப்படக் கலையின் முன்னோடி டால்பட் 1830களிலேயே கையாண்டிருந்தார் என்பது உண்மை. எனவே மேன் ரே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. பிழையைக் குப்பையில் போடாமல் உற்றுப் பார்த்தார் என்கிறேன். கூலிக்குச் செய்த ஃபேஷன் வேலையின் ஈரத் தட்டிலிருந்து வந்த தூண்டுதல் அது.

கதைக்கு வருவோம். ஒற்றைப் படம் கதை சொல்லும் என்பது சரியான பேச்சல்ல. கதைக்கு முன்பும் பின்பும் வேண்டும். படத்துக்கோ ஒரே கணம்தான். ஆகவே கதைத்தன்மை கொண்ட படம் செய்வது, கதையின் நடுவிலிருந்து ஒரு கணத்தைப் பிடுங்கி, மற்றதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுவது. இதைப் பிரெஞ்சுக் கலைஞர் கீ பூர்தேன் அளவுக்குப் புரிந்துகொண்டவர் குறைவு. 1955 பிப்ரவரியில் பிரெஞ்சு வோக் இதழில் வெளிவந்த அவருடைய தொப்பிப் படமே அதிர்ச்சியூட்டியது. இறைச்சிக் கடையில் தொங்கும் கன்றுத் தலைகளுக்குக் கீழே நேர்த்தியான தொப்பி அணிந்த பெண் நிற்கிறாள். தலைக்கு அணிவதை விற்கும் படத்தில் வெட்டப்பட்ட தலைகள். இரண்டும் பாரிசில் தினமும் கண்ணில் படுபவை, ஒரே சட்டகத்துக்குள் வந்ததுதான் புதிது. 1967 முதல் 1981 வரை ஷார்ல் ஜூர்தான் காலணி நிறுவனத்துக்கு அவர் விளம்பரப் படங்கள் எடுத்தார். நான் தொடக்கத்தில் சொன்ன சுண்ணக்கோட்டுப் படம் அவற்றில் ஒன்று, 1975இல் வந்தது. அங்கே காலணி விற்பனைப் பொருளாக இருப்பதை நிறுத்திவிட்டுத் துப்பறிவாளன் பொறுக்கும் தடயமாகிவிடுகிறது. 1979இல் பொம்மைக் கால்களுக்குக் காலணி மாட்டி, அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தில் பயணம் செய்தார். பேருந்து நிறுத்தத்திலும் கடற்கரையிலும் பூங்காவிலும் இரண்டு கால்கள் மட்டும் நின்றன, நடந்தன, காத்திருந்தன. உடலின் மீதி எங்கே என்ற கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை, அவ்வளவு இயல்பாக அந்தக் கால்கள் தங்கள் வேலையைப் பார்க்கின்றன. மாடல் வேண்டாம், முகம் வேண்டாம், காலணி போதும் என்ற முடிவு காலணியை மட்டுமே நெடுங்காலம் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

இதற்கு எதிர்நிலையில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். 2003 டிசம்பரில் அமெரிக்க வோக் இதழுக்காக ஆனி லீபோவிட்ஸ் அற்புத உலகில் ஆலிஸ் கதையைப் படமாக்கினார். கிரேஸ் காடிங்டன் உடைகளை ஒருங்கமைத்தார். நடாலியா வோடியானோவா ஆலிசாக வந்தார். கார்ல் லாகர்ஃபெல்டு, ஜான் கலியானோ முதலிய ஆடை வடிவமைப்பாளர்களே கதாபாத்திரங்களாக நின்றார்கள். கைத்திறனில் குறை காண முடியாத தொடர் அது. ஆயினும் பார்ப்பவருக்குக் கதை முன்பே தெரியும். ஒவ்வொரு படத்திலும் அவர் கண்டுபிடிப்பது தெரிந்ததன் அலங்காரத்தைத்தான். அறிந்த கதையை மீண்டும் சொல்வதில் மகிழ்ச்சி உண்டு, மயக்கம் குறைவு. பூர்தேனின் படத்தில் கதை பார்ப்பவருக்குள் நிகழ்கிறது. ஆலிஸ் தொடரில் அது ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்துவிட்டது. தூண்டுதலைத் தேடுபவர் புகழ்பெற்ற கதைகளின் பக்கம் ஓடுவதற்கு முன் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பொருள் என்று நான் சொல்வதில் புகைப்படத்தின் உடலும் அடக்கம். டெபோரா டர்பெவில் முதலில் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருந்தவர்; பிறகே கேமராவைக் கையில் எடுத்தார். 1975இல் அமெரிக்க வோக் வெளியிட்ட அவருடைய குளியல் மண்டபத் தொடர் நீச்சலுடைக்கானது. நியூயார்க்கின் கைவிடப்பட்ட பொதுக் குளியல் மண்டபம் ஒன்றில், சோர்ந்து சாய்ந்த பெண்களை அவர் நிறுத்தியிருந்தார். வதைமுகாமை நினைவூட்டுகிறது, போதை மயக்கத்தைக் காட்டுகிறது என்றெல்லாம் வாசகர்கள் கொதித்தார்கள். படத்தில் அப்படி எதுவும் இல்லை; ஈரம் ஊறிய சுவரும் பெண்களுக்கிடையே இருந்த தூரமும் மீதியைச் செய்தன. நெகட்டிவைக் கீறுவது, பிரிண்டைக் கிழித்து ஒட்டுவது, குண்டூசியால் குத்தி வைப்பது என்று படத்தாளையே அவர் பழசாக்கினார். 1981இல் வந்த அவருடைய வெர்சாய் அரண்மனை நூலுக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர் ஜாக்குலின் ஒனாசிஸ். சுற்றுலாப் பயணிகள் பார்க்காத பின்னறைகளுக்குள் புகுந்து, காய்ந்த சருகுகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பி எடுத்த படங்கள் அதில் உண்டு. அரண்மனை நிஜம், சருகும் நிஜம். சருகு கூரைக்குள் வந்ததே அவர் செய்த நகர்த்தல். புகைப்படக் கலைஞர் சாரா மூன் போலராய்டு நெகட்டிவின் ஓரக் கறைகளையும் உதிர்வுகளையும் படத்தின் பகுதியாகவே விட்டார். பாவ்லோ ரோவெர்சி 1980 முதல் பெரிய அளவுப் போலராய்டு தாளில், இருட்டு ஸ்டுடியோவில், கைவிளக்கின் ஒளியை மாடலின் உடல்மீது தூரிகைபோல் ஓட்டி எடுத்தார். வெளிச்சம் படும் நேரம் நீண்டதால் மாடலின் மூச்சும் அசைவும் படத்தில் மெல்லக் கரைந்தன. அந்த மங்கல் ரசாயனமும் நேரமும் சேர்ந்து கொடுத்தது. கணினியில் பின்னர் தடவிய மங்கலுக்கு அந்தக் கனம் வருவதில்லை.

காலமும் இடமும் சில நேரம் கலைஞரை முந்திக்கொண்டு நகர்த்தலைச் செய்துவிடுகின்றன. 1941இல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்திருந்தன. அந்த ஜூன் மாதம் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன், டிக்பி மார்ட்டன் வடிவமைத்த உடையை அணிந்த பெண்ணை இடிந்து கிடந்த மிடில் டெம்பிள் கட்டடத்தின் முன் நிறுத்தினார். அவள் நமக்கு முதுகு காட்டி இடிபாட்டைப் பார்க்கிறாள். முப்பதுகளில் செல்லோஃபேன் தாளும் ஓவியத் திரைகளும் வைத்துச் செயற்கைக் கனவுகளைக் கட்டியவர் பீட்டன். அவருடைய படங்களில் இன்றும் நம்மை நிறுத்துவது, அவர் எதையும் கட்டாத இந்தப் படம். தைத்த உடையின் ஒழுங்கும் சிதறிய கல்லின் ஒழுங்கின்மையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் அன்றைய செய்தித்தாளில் இருந்தவை.

இங்கே முதல் மறுப்பு எழும். பொருளைப் பார், பழையதைப் பார் என்றால் கடைசியில் நகல்தானே மிஞ்சும் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். பிரிட்டிஷ் ஃபேஷன் புகைப்படக் கலைஞர் டிம் வாக்கரை வைத்து அதற்கு விடை சொல்லலாம். கலைக் கல்லூரிக்குப் போவதற்கு முன் லண்டனில் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் நூலகத்தில் பீட்டனின் படத்தொகுப்போடு வேலை செய்தவர் அவர். பின்னர் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ரிச்சர்டு அவெடனுக்கு உதவியாளராக இருந்தார். ஆகப் பழைய படங்களின் கிடங்கிலிருந்தே அவர் தொடங்கினார். ஆனால் 2019இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவர் நடத்திய கண்காட்சிக்காகத் தேர்ந்தெடுத்த மூலங்களைப் பாருங்கள்: வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், பேயோ என்ற பூவேலைத் திரைச்சீலையின் 65 மீட்டர் நீளப் புகைப்பட நகல், ஆப்ரி பியர்ட்ஸ்லியின் கோட்டோவியங்கள், 1590 வாக்கில் முகலாயர் காலத்தில் தீட்டிய கிருஷ்ணன்-இந்திரன் ஓவியம். அவற்றில் எதுவும் ஃபேஷன் புகைப்படம் அல்ல. கண்ணாடியிலிருந்து புகைப்படத்துக்கோ, பூவேலைத் துணியிலிருந்து உடைக்கோ வரும்போது எதையும் அப்படியே கொண்டுவர முடியாது. ஊடகம் மாறும் இடத்தில் கலைஞர் தானாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் புதுமை பிறக்கிறது. ஃபேஷன் படங்களை மட்டுமே பார்த்து ஃபேஷன் படம் எடுப்பது ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஊறுகாய் தின்பதுபோல. காரம் ஏறும், பசி தீராது. மூட் போர்டின் குறை அது படங்களைச் சேர்ப்பதில் இல்லை, ஒரே இனத்துப் படங்களைச் சேர்ப்பதில் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வணிகம் பற்றியது. செருப்பு விற்கும் படத்தைக் கலை என்று கொண்டாடலாமா, கனவு என்ற பெயரில் ஆசையைத்தானே விற்கிறார்கள் என்ற கேள்வி. விற்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. நான் சொல்ல வருவது, விற்க வேண்டிய கட்டாயமே இந்தக் கனவுக்கு எடையைக் கொடுத்தது என்பது. எப்படி வேண்டுமானாலும் எடு, ஆனால் காலணி தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தபோது பூர்தேனின் கற்பனை எங்கும் பறந்துபோக முடியவில்லை. அந்தக் காலணியைச் சுற்றியே திரும்பத் திரும்ப வந்து கூர்மை பெற்றது. வாழ்நாள் முழுவதும் அவர் ஓவியமும் தீட்டினார். உலகம் நினைவில் வைத்திருப்பது பத்திரிகைப் பக்கங்களை. உயிரோடு இருந்தவரை தன் படங்களை நூலாக்க அவர் இசையவில்லை. 1985இல் பிரான்சின் தேசியப் புகைப்பட விருதையும் மறுத்தார். பத்திரிகையின் இரட்டைப் பக்கத்தையே தன் இடமாகக் கொண்டவர் அவர். ஆனால் இந்த விடைக்கு எல்லை உண்டு. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. ஆகஸ்டில் இத்தாலிய வோக், எண்ணெயில் நனைந்த பறவையைப்போல் கறுப்புப் பளபளப்பில் கிடக்கும் மாடலை ஸ்டீவன் மைசலின் படங்களில் காட்டியது. செய்தியைக் கண்டும் காணாமல் போகாத துணிச்சல் என்று சிலர் சொன்னார்கள், பேரழிவை அழகுப்பொருளாக்கிய அநாகரிகம் என்று பலர் சொன்னார்கள். பீட்டனின் இடிபாட்டையும் இதையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். பீட்டனும் அவர் வாசகரும் அந்த ஊரில், அந்தக் குண்டுவீச்சுக்குள் வாழ்ந்தவர்கள். பங்கில்லாத துயரத்தைக் கடன் வாங்கும்போது கனவு வேஷமாகிவிடும் ஆபத்து அதிகம்.

மூன்றாவது மறுப்பைச் சுலபமாகக் கடந்துபோக முடியாது. இந்தக் கனவுகளில் பெண்ணுடல் படும் பாடு என்ன? பூர்தேனின் உலகில் பெண்கள் கிடக்கிறார்கள், துண்டாகிறார்கள், மறைந்துபோகிறார்கள். சுண்ணக்கோட்டுக்குள் கிடந்தவளும் ஒரு பெண்தான். அவர் வன்முறையை விமர்சிக்கிறார் என்று வாதாடுவோர் உண்டு; அந்த வாதம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. பெண்ணை நிலைகுலையச் செய்தால்தான் பார்வையாளன் நிற்பான் என்ற கணக்கு அங்கே ஓடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு இந்தக் கலைக்கு இன்றியமையாதது என்று கொண்டால் தவறு. ஹாவர்டனின் மகள்கள் தங்கள் அறையில் தங்கள் நினைவுக்குள் இருக்கிறார்கள், யாருக்காகவும் விழவில்லை. டர்பெவிலின் பெண்கள் சோர்ந்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் சோர்வு அவர்களுடையது. நம் பார்வையை அவர்கள் பொருட்படுத்துவதே இல்லை. வாசகர்களை அதிகம் சீண்டியது அந்த அலட்சியம்தான் என்று தோன்றுகிறது. தூண்டுதலைத் தேடும்போது பொருளைக் கவனிப்பதோடு, படத்தில் இருக்கும் மனிதரைப் பொருளாக்குகிறோமா என்றும் கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு செயல்கள்.

நான்காவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. மேலைப் புகைப்படக்காரர்களுக்குப் பிறர் நாடு எப்போதும் கனவு நாடுதான். 1926இல் பிரெஞ்சு வோக் வெளியிட்ட மேன் ரேயின் புகழ்பெற்ற படத்தில், கிக்கி என்ற பெண்ணின் வெளுத்த முகத்துக்கு இணையாகக் கறுத்த ஆப்பிரிக்க முகமூடி ஒன்று நிற்கிறது. அதைச் செதுக்கியவர் யார், எதற்கு என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை. நான் முதலில் குறிப்பிட்ட சுழல்படிக்கட்டு, 2005இல் குஜராத்தின் வத்வானில் டிம் வாக்கர் எடுத்தது. அழகான படம், ஆனால் அங்கே வாழ்பவருக்கு வத்வான் கனவூர் அல்ல, சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள ஊர். இதனால் பிறர் பண்பாட்டைத் தொடவே கூடாது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. கவனிப்பு எவ்வளவு ஆழமானது என்பதே அளவுகோல். இதே வாக்கர், முகலாய ஓவியத்திலிருந்து உருவாக்கிய பிந்தைய தொடரில் இந்திய மாடல்களையே வைத்து, வோர்ஸ்டர்ஷயர் வயல்வெளியில் எடுத்தார்; இந்த முறை நகர்ந்தது இங்கிலாந்து. பெங்களூரில் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களின் உருவங்களைத் தன் உடலிலேயே மறுபடி அரங்கேற்றினார். ரவிவர்மாவின் லட்சுமியும் வந்தாள். மனிதரைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தி அளந்த காலனியக் கால மானிடவியல் படங்களின் சாயலும் வந்தது. தீட்டிய திரையும் ஒட்டுவேலையும் வெளிப்படையாகத் தெரியும்படி விட்டதால், இப்படி நம்மை நிற்க வைத்தவர் யார் என்று உடையே கேட்கத் தொடங்கியது. 2020இல் சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் அதே ரவிவர்மாவின் ஓவியங்களைத் திரை நடிகையரை வைத்து நாள்காட்டிக்காக மறுஆக்கம் செய்தார். அங்கே நோக்கம் ஓவியத்துக்கு நெருக்கமாகப் போவது, அதில் நகையும் நெசவும் ஒளியும் பாடமாகக் கிடைக்கின்றன. அந்தப் பாடத்துக்குப் பிறகு ஒன்றை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதே அடுத்த கேள்வி. நம் வீட்டுப் பீரோவில் இருக்கும் துணிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கடைசியாக இரண்டு மறுப்புகள், ஒன்றுக்கொன்று எதிரானவை. இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும் என்பார் ஒருவர். வாக்கரின் படங்களுக்குப் பின்னால் ஷோனா ஹீத் போன்ற அரங்க வடிவமைப்பாளரும் பெரிய குழுவும் இருப்பது உண்மை. ஆனால் ஹாவர்டனிடம் ஜன்னல் இருந்தது, ரோவெர்சியிடம் கைவிளக்கு இருந்தது, பூர்தேனின் கால்களுக்குக் கடைப் பொம்மை போதுமாக இருந்தது. இனி எதற்கும் செலவே வேண்டாம், நான்கு சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு எந்தக் கனவையும் வரைந்து தரும் என்பார் இன்னொருவர். தரும்தான். மிதக்கும் அரண்மனையும் மீன் முகமுள்ள மணப்பெண்ணும் நொடியில் வரும். ஆனால் எல்லாமே நகர்ந்துவிட்ட இடத்தில் நகர்ந்தது எது என்று தெரியாது. அசையாத சுவர் இருந்தால்தான் அதனுள் வந்த சருகு திடுக்கிட வைக்கும். தைத்த துணிக்கு ஓர் எடை, ஒரு மடிப்பு, உடலோடு ஒரு முரண்டு உண்டு. அது கலைஞரின் எண்ணத்தை எதிர்க்கும், எதிர்ப்பின் வழியே திருத்தும். அந்த எதிர்ப்பைத் தராத கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்பவர் எதிர்ப்பை வேறெங்காவது தேடிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே, இந்தக் கலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது எளியது. தூண்டுதல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓர் உடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் நெய்தார், யார் தைத்தார், எந்த வெளிச்சத்தில் அதன் நிறம் மாறுகிறது, எங்கே முதலில் நைந்துபோகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அது இருக்கக் கூடாத ஓர் இடத்தை, அல்லது அதை அணியக் கூடாத ஒரு கணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கக் குறிப்பு எழுதும் ஆசையை அடக்குங்கள். தூண்டுதல் சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்றால் அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேச ஒன்றுமில்லை. வாய்த்தவர் எடுப்பார், மற்றவர் பார்த்திருப்பார். கவனிப்பிலிருந்து பிறப்பது என்றால் அதைக் கற்கலாம், கற்பிக்கலாம், மட்டமான படத்தைப் பார்த்து எந்த இடத்தில் கவனம் தவறியது என்று விவாதிக்கலாம். தையற்காரரின் மகனும், மாடி அறைகளில் படம் எடுத்த தாயும் அடைந்ததை வரம் என்று சொல்லி ஒதுக்கிவைப்பது அவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.